பிளாஸ்டிக்ல எப்படிங்க கரண்ட் பாயும்? மதர்போர்டு கெப்பாசிட்டர் சந்தேகம்

பழையபிசி_பிரியன்:
எல்லாருக்கும் வணக்கமுங்க. 2005ல அசெம்பிள் பண்ண பிசி ஒண்ணு வீட்ல கெடக்கு, அப்பாவோட கணக்கெல்லாம் அதுலதான் இருக்கு, ஒரு மாசமா ஆன் பண்ணா பத்து நிமிசத்துல தானா ஆஃப் ஆகிடுது. மூடியக் கழட்டிப் பாத்தா பிராசசர் பக்கத்துல வரிசையா நிக்கிற கெப்பாசிட்டர்ல நாலு தலை உப்பிப்போய் இருக்கு, ஒண்ணு அடியில பழுப்பா கக்கியும் வச்சிருக்கு. பழசு 6.3 வோல்ட் 1500 மைக்ரோஃபாரட். கடையில கேட்டா "அதெல்லாம் இப்ப யாரு போடுறாங்க, பாலிமர் போடுங்க, சாவே கிடையாது"ன்னு 6.3 வோல்ட் 820 குடுத்து அனுப்பிட்டாரு. 1500 இருந்த எடத்துல 820 போட்டா பத்துமா? அப்புறம் பாலிமர்னா பிளாஸ்டிக்தானே, வயர் மேல ஷாக் அடிக்காம இருக்கத்தானே பிளாஸ்டிக்கே சுத்துறோம், அது எப்படிங்க கெப்பாசிட்டருக்குள்ள கரண்ட கடத்தும்?

போர்டு_டாக்டர்:
கடைக்காரர் சரியாத்தான் குடுத்திருக்காரு, "சாவே கிடையாது" மட்டும் கொஞ்சம் ஓவர். பழைய கெப்பாசிட்டர அறுத்துப் பாத்தீங்கன்னா ரெண்டு அலுமினியத் தகடு, நடுவுல பேப்பர், பாய் மாதிரி சுருட்டி வச்சிருப்பான், அந்த பேப்பர் ஒரு திரவத்துல ஊறியிருக்கும். ஒரு தகட்டு மேல இருக்கிற மெல்லிசான ஆக்சைடு படலம்தான் கரண்ட தடுக்கிற சுவர். அந்தத் திரவம் தகட்டோட குண்டு குழியெல்லாம் எறங்கி மைனஸ் பக்கமா வேலை பாக்குது. சூட்டுல அது மெல்ல காயும், மட்டமான திரவம்னா உள்ள கேஸ் உண்டாகி தலை உப்பும். 2000த்த ஒட்டி வந்த போர்டுங்க கூட்டம் கூட்டமா செத்தது இதுலதான், அப்ப எங்க கடையில வாரம் ஒரு டப்பா நிறைய கழட்டி எடுப்போம், அந்த மீன் நாத்தம் இன்னும் மூக்குல இருக்கு.

பாலிமர் வகையில அந்தத் திரவம் நின்ன எடத்துல கரண்ட் கடத்துற பிளாஸ்டிக் இருக்கு, அவ்ளோதான் வித்தியாசம். காய ஒண்ணும் இல்ல. 820 பத்துமான்னு கேட்டீங்கல்ல, பிராசசர் பக்கத்துல மைக்ரோஃபாரட விட ஈஎஸ்ஆர் தான் முக்கியம், அதாவது கெப்பாசிட்டரோட உள் தடை. சாதாரண திரவ வகையில அது பல பத்து மில்லிஓம், நல்ல பாலிமர்ல 10க்குள்ள அடங்கிடும். அதனால 820 தாராளமா பத்தும். ஆயுள் கணக்கும் பாருங்க, ரெண்டுலயும் 105 டிகிரில 2000 மணி நேரம்னு போட்டிருக்கும். திரவ வகை 10 டிகிரி குறைஞ்சா ஆயுள் ரெண்டு மடங்கு, பாலிமர் 20 டிகிரி குறைஞ்சா பத்து மடங்கு, இதுதான் பொதுவா போடுற கணக்கு. 65 டிகிரில ஓடுச்சுன்னா முதல்லது 32,000 மணி நேரம், பாலிமர் 2 லட்சம்.

ஆனா இத பாத்துட்டு பவர் சப்ளைக்குள்ள இருக்கிற அந்த 400 வோல்ட் குண்டு கெப்பாசிட்டருக்கும் பாலிமர் தேடாதீங்க தம்பி, அந்த வோல்டேஜுக்கு இன்னமும் திரவம்தான்.

கெமிஸ்ட்ரி_டீச்சர்:
ரெண்டாவது கேள்விக்கு நான் வரேன், எனக்கு ரொம்ப புடிச்ச கதை இது. 1967ல டோக்கியோல ஹிடேகி ஷிராகாவாங்கிற வேதியியல்காரர் வேலை பாத்த லேப்ல, கொரியாவுல இருந்து வந்திருந்த ஒரு ஆராய்ச்சியாளர் பாலிஅசிட்டிலீன்ங்கிற பாலிமர தயார் பண்றப்போ மில்லிமோல் போட வேண்டிய வினையூக்கிய மோல் கணக்குல போட்டுட்டாரு, அதாவது ஆயிரம் மடங்கு. வழக்கமா கருப்பு பொடியா வர்றது அன்னைக்கு வெள்ளித்தாள் மாதிரி மினுமினுன்னு படலமா வந்து நிக்குது. நம்ம லேப்ல இப்படி நடந்திருந்தா திட்டு வாங்கிட்டு கழுவி ஊத்தியிருப்போம்! ஷிராகாவா அத விடாம புடிச்சுக்கிட்டாரு. பின்னாடி அமெரிக்காவுல இருந்து டோக்கியோ வந்த ஆலன் மெக்டயர்மிட் ஒரு டீ டைம்ல இத கேள்விப்பட்டு பென்சில்வேனியா பல்கலைக்கு கூப்பிட்டுட்டாரு, அங்க 1976 நவம்பர்ல அந்தப் படலத்துக்கு புரோமின் ஆவி காட்டினாங்க, கடத்துற திறன் ஒரு கோடி மடங்கு ஏறிடுச்சு. கூட இருந்த இயற்பியல்காரர் ஆலன் ஹீகரையும் சேத்து மூணு பேருக்கும் 2000ல வேதியியல் நோபல்.

புரோமின் என்ன பண்ணுதுன்னா, அந்த பாலிமர் சங்கிலியில ஒத்தப் பிணைப்பு ரெட்டைப் பிணைப்புன்னு மாறி மாறி இருக்கும், ஆனா எலக்ட்ரான் நகர எடம் இல்ல. ஹவுஸ்ஃபுல் தியேட்டர்ல ஒரு வரிசை முழுக்க ஆளுங்க உக்காந்திருந்தா யாரும் நகர முடியாது, ஓரத்துல ஒருத்தர எழுப்பி விட்டா ஒவ்வொருத்தரா ஒரு சீட் தள்ளி உக்காரலாம்ல, புரோமின் அந்த ஒருத்தர எழுப்பி விடுற வேலைய செய்யுது. உங்க வயர் மேல இருக்கிற பிவிசில இந்த மாறி மாறி வர்ற அமைப்பே கிடையாது, அதான் அது கடத்தாது.

பாலிஅசிட்டிலீன் காத்து பட்டாலே கெட்டுப்போகும், அதனால கெப்பாசிட்டர்ல அது இல்ல. ஜெர்மனில பேயர் கம்பெனி 1980கள் கடைசியில கண்டுபுடிச்ச பெடாட்ங்கிற கடத்துற பிளாஸ்டிக்தான் பெரும்பாலும் உள்ள இருக்கு. அது எதுலயும் சுலபமா கரையாது, அப்ப அந்த நுணுக்கமான குழிக்குள்ள எப்படி ஊத்துறது? ஊத்துறதே இல்ல! சுருட்டி வச்ச தகட்ட பாலிமர் ஆகாத மோனமர்லயும் இரும்பு உப்புலயும் முக்கி, உள்ளயே வச்சு பாலிமரா வளர விடுறாங்க. எனக்கு நோபல் கதைய விட இந்த யோசனைதான் பெருசா தெரியுது.

சும்மா_ஒரு_ஆள்:
டீச்சர் சொன்னதுல ஒரு சின்ன சேர்க்கை, 1963லயே ஆஸ்திரேலியாவுல வெயிஸ்ங்கிறவரோட குழு பாலிபிர்ரோல்ங்கிற இன்னொரு பாலிமர்ல அயோடின் சேத்து கரண்ட் கடத்துதுன்னு பேப்பர் போட்டாச்சு. யாரும் சீண்டல.

மொட்டைமாடி:
அப்ப எங்க வீட்டு சீலிங் ஃபேன் கண்டென்சர்லயும் இதே பிளாஸ்டிக்கா? ஃபேன் ஆமை மாதிரி சுத்துது.

போர்டு_டாக்டர்:
@மொட்டைமாடி அது தலைகீழ். ஃபேன்ல இருக்கிறது பாலிபுரோப்பிலீன், அங்க பிளாஸ்டிக்தான் தடுக்கிற சுவர், அது மேல ஆவியா படிய வச்ச மெல்லிசு உலோகம்தான் கடத்துது. எங்கயாவது ஓட்டை விழுந்தா அதச் சுத்தி இருக்கிற உலோகம் பொசுங்கி தன்னால ஆறிக்கும், ஆனா ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பரப்பு போகும். 2.5 மைக்ரோஃபாரட் தேஞ்சு 1.7, 1.8ன்னு ஆனதும் ஃபேன் மெதுவாகும். மெயின ஆஃப் பண்ணிட்டு மாத்துங்க.

@பழையபிசி பாலிமர்ல தலையில பாதி வட்டம் கலர் அடிச்சிருக்கும், அது மைனஸ். போர்டுல அச்சடிச்ச வட்டத்த நம்பாதீங்க, சில போர்டுல நெழல் போட்ட பக்கம் ப்ளஸ். தட்டையா சதுரமா வர்ற பாலிமர்லயோ கோடு போட்ட பக்கம்தான் ப்ளஸ், நானே ஒரு லேப்டாப்ல திருப்பி வச்சு புகை பாத்திருக்கேன்.

பழையபிசி_பிரியன்:
நல்ல வேளை சொன்னீங்கண்ணே, கழட்டுறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்து வச்சிருந்தேன், இப்ப அத பாத்தா எங்க போர்டுல நெழல் பக்கம் ப்ளஸ்தானுங்க. ஒண்ணு ஏற்கனவே ப்ளஸ் மைனஸ் மாத்தி சால்டர் வச்சுட்டேன், இன்னும் ஆன் பண்ணல. அத கழட்டிட்டு வரேன்.