அல்பாக்கா ஒண்ணு வாங்கி விட்டா நரி வராதாமே, உண்மைங்களா?

கோவைக்காரன்_விக்டோரியா:
வணக்கம்ங்க, ஆஸ்திரேலியாவுல விக்டோரியா மாநிலத்துல பல்லாரட் பக்கம் 5 ஏக்கர் வாங்கி வந்து ஒரு வருஷம் ஆச்சு, 6 செம்மறி, 20 கோழின்னு ஆரம்பிச்சோம், இப்ப கோழி பதினொண்ணுதான் இருக்கு, மிச்சத்த நரி தூக்கிருச்சு. ஒரு அல்பாக்கா வாங்கி விடு, நரி கிட்டயே வராதுன்னு பக்கத்துத் தோட்டக்காரர் சொல்றாரு. ஆன்லைன்ல ஒரு ஆண் குட்டி பாத்தேன், பாட்டில் பால் குடிச்சு வளந்துச்சாம், நாய்க்குட்டி மாதிரி ஒட்டிக்கிட்டே சுத்துமாம், விலையும் கம்மி. ஊர்ல ஆடு மேச்சிருக்கேன், ஆனா இது ஒட்டக ஜாதியாமே. வாங்கலாமுங்களா?

வன்னியக்கா:
தம்பி, அந்தக் குட்டிய மட்டும் வாங்கிப் போடாதேங்கோ. மனுசரோட தனிய வளந்த ஆண் பெரிசானாப் பிறகு எங்களையும் தன்ர இனம் எண்டு நினைச்சு சண்டைக்கு வரும், நெஞ்சால இடிக்கும், கடிக்கும். 70 கிலோ சாமான் வந்து இடிச்சா தெரியும். ஒண்டை மட்டும் வைக்கிறதும் பிழை, கூட்டமா வாழுற மிருகம், தனிய நிண்டா முனகிக்கொண்டே வேலியோரம் நிக்கும். காயடிச்ச ஆண் ரெண்டு, வளந்ததா வாங்குங்கோ. அதுக்காக நாலைஞ்சு வாங்கினா தங்கட பாட்டில கூடி நிக்குங்கள், செம்மறியத் திரும்பியும் பாக்காதுகள். இன்னொண்டு, நரியைத் துரத்தும்தான், ஆனா ரெண்டு பெரிய நாய் சேர்ந்து வந்தா அல்பாக்காவே தப்பாது.

புல்வெளிமாமா:
அக்கா சொன்னது நூத்துக்கு நூறு. வாங்கறதுக்கு முன்னாடி பிக் நம்பர் (PIC, கால்நடை வெச்சிருக்கற எடத்துக்கு அரசாங்கம் தர்ற அடையாள எண்) எடுத்துருங்க, விக்டோரியாவுல ஒரே ஒரு அல்பாக்கான்னாலும் வேணும். வேலியில முள்கம்பி இருந்தா கழட்டிருங்க, முடி மாட்டிக்கும். மேய்ச்சல்ல பழைய ரைகிராஸ்ங்கற புல் நெறைய இருக்கான்னு பாருங்க, கோடை முடியறப்ப அதுல வர்ற பூஞ்சை விஷத்துல தலை ஆடி கால் தள்ளாடும், எனக்கு ஒண்ணு அப்படித்தான் விழுந்துச்சு, ஷெட்ல கட்டி காஞ்ச புல்லு போட்டுத்தான் தேத்துனேன். குளிர்காலத்துல வெயில் பத்தாம வைட்டமின் டி கொறையும், கருப்பு முடிக்கு இன்னும் மோசம், டாக்டர்கிட்ட ஊசி கேளுங்க. ரெண்டு மூணு மாசத்துக்கொருக்கா நகம் வெட்டணும், வருஷத்துக்கொருக்கா முடி வெட்டணும். ரெண்டே உருப்படிக்கு முடி வெட்டற ஆள் தனியா வரமாட்டான், பக்கத்துப் பண்ணையோட சேந்துக்கங்க. ஒரே நல்ல விஷயம், புழுக்கையெல்லாம் ஒரே எடத்துல போடும், அள்ளறது சுலபம், என் கத்தரிச் செடி இப்ப ஆளுயரம்!

சும்மா_ஒருத்தன்:
கோழிக்காக மட்டும்னா அல்பாக்காவே வேணாம் ப்ரோ. நரி ராத்திரி அடியில தோண்டித்தான் வருது, கூட்டச் சுத்தி கம்பி வலைய வெளிப்பக்கமா ஒரு ரெண்டடி தரையோட மடக்கிப் போட்டு, பொழுது சாயறதுக்குள்ள கதவச் சாத்துங்க.

கோவைக்காரன்_விக்டோரியா:
அய்யோ, நான் கதவே சாத்தறதில்லீங்க 🙈 மொதல்ல வலை வாங்கறேன். ஆனா ஆடு குட்டி போடற சமயத்துக்கு அந்த ரெண்டு காயடிச்சது வேணும், வீட்டம்மாகிட்ட இன்னும் சொல்லல.

வன்னியக்கா:
அவவுக்கு முதல் சொல்லுங்கோ தம்பி, 15 வருசத்துக்கு மேல உயிரோட இருக்கிற சீவன்.