எழுத்தில் கொடுங்கள் என்று கேட்ட பெண் அதிகாரிகள்: உங்கள் அனுபவம் என்ன?

முதலில் நானே சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், எங்கள் இயக்குநர் மேடத்தின் அறையில் ஒப்பந்தப்புள்ளிக் கோப்போடு நின்றுகொண்டிருந்தேன். மேலிடத்திலிருந்து போன். குறிப்பிட்ட ஒருவருக்கே கொடுக்கச் சொல்கிறார்கள் என்பது இந்தப் பக்கம் நின்ற எனக்கே புரிந்தது. மேடம் குரலை உயர்த்தவில்லை. "சரி சார், நீங்க சொன்னதா குறிப்புல எழுதிடறேன்" என்றார், அவ்வளவுதான். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் "இல்ல இல்ல, சும்மா நிலவரம் கேட்டேன்" என்று வைத்துவிட்டார்கள். மேடம் விடவில்லை, தேதி, மணி, பேசியது யார் என்று கோப்பிலேயே இரண்டு வரி எழுதிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். "நாளைக்கு என்னை மாத்திடுவாங்க, அடுத்து வர்றவங்களுக்குத் தெரிய வேண்டாமா?" மாற்றவும் செய்தார்கள், நான்கே மாதத்தில்.

*

"பெண் அதிகாரி, அதனால் கை சுத்தம்" என்று யாராவது ஆரம்பிப்பதற்குள் இதை எழுதிவிடுகிறேன். எனக்கு மேலதிகாரியாக இருந்த அம்மாவை அப்படிப் பாராட்டப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டேன். "என்கிட்ட யாரும் பேரம் பேச வராததுக்கு என் நேர்மையா காரணம்? சாயங்காலம் அவங்க கூடிப் பேசுற இடத்துக்கு என்னைக் கூப்பிடறதே இல்லையே!" சுவீடனின் துணைப் பிரதமர் மோனா சாலின் 1995-இல் அரசாங்கக் கடன் அட்டையில் சொந்தச் சாமான் வாங்கிய விவகாரத்தில், பணத்தைத் திருப்பிக் கட்டியும், கட்சித் தலைமைப் போட்டியிலிருந்து விலக வேண்டியதாயிற்று, அந்த அம்மா அடிக்கடி சொல்லும் கதை இது. ஆபீஸ் காரில் வழியில் மருந்துக்கடைக்கு நிறுத்தினால்கூட வண்டிப் புத்தகத்தில் என்னை எழுதவைப்பார். எனக்கு எரிச்சலாக வரும்.

*

எழுதுவது என்றதும் எங்கள் பயிற்சியில் ஒரு மூத்த பெண் அதிகாரி சொன்ன ஃபிரான்சஸ் கெல்சிதான் நினைவுக்கு வருகிறார். 1960-இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் புதிதாகச் சேர்ந்தவர், கைக்கு வந்த முதல் கோப்பே தாலிடோமைடு என்ற தூக்க மருந்தை விற்க அனுமதி கேட்ட விண்ணப்பம். அப்போதைய சட்டப்படி 60 நாளுக்குள் ஆட்சேபம் போகாவிட்டால் விண்ணப்பம் தானாகவே செல்லுபடியாகிவிடும். அதனால் ஒவ்வொரு முறையும் கெடுவுக்குள் "ஆதாரம் போதாது, இன்னும் அனுப்புங்கள்" என்று கடிதம் போட்டுக்கொண்டே இருந்தார். கம்பெனிக்காரர்கள் அவருடைய மேலதிகாரிகளிடமும் போய்ப் புகார் சொன்னார்கள். அதற்குள் மற்ற நாடுகளில் கர்ப்ப காலத்தில் அந்த மருந்தைச் சாப்பிட்டவர்களுக்கு ஆயிரக்கணக்கான குழந்தைகள் கைகால் குறையோடு பிறந்தது தெரியவந்தது.

கதையை முடித்துவிட்டு அவர் எங்களைப் பார்த்துக் கேட்டார்: "உங்க மேஜையில பதில் போகாம கிடக்கிற கோப்பு எத்தனை?" நான் தலையைக் குனிந்துகொண்டேன், பதினொன்று இருந்தது.