குளிர் தொடங்கியதும் ஃபைகஸ் போன்சாய் இலை கொட்டுகிறது, காப்பாற்ற முடியுமா?

கேள்வி:
வணக்கம். நான்கு வருடமாக ஒரு ஃபைகஸ் மைக்ரோகார்ப்பா போன்சாய் வளர்க்கிறேன், அதாவது தொட்டியில் குட்டையாக வளர்க்கும் ஆல் வகை மரம். கோடை முழுக்க பால்கனியில் செழிப்பாக இருந்தது. குளிர் தொடங்கியதும் உள்ளே கொண்டுவந்து கூடத்து அலமாரியில் வைத்தேன். பத்தே நாளில் இலைகள் மஞ்சளாகி, விரல் பட்டாலே உதிர்கின்றன. பாதிக்கு மேல் போய்விட்டது. காய்கிறதோ என்று தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன், ஒரு முறை உரமும் போட்டேன். காலையில் எழுந்ததும் எத்தனை இலை விழுந்திருக்கிறது என்றுதான் முதலில் பார்க்கிறேன். மண்ணை மாற்றிவிடலாமா?

பதில் 1:
மண்ணை இப்போது தொடாதீர்கள். ஒரு சிறு கிளையின் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். அடியில் பச்சையாக இருந்தால் உயிர் இருக்கிறது. அலமாரி ஜன்னலிலிருந்து எவ்வளவு தூரம்? பக்கத்தில் ஹீட்டர் உண்டா?

கேட்டவர்:
சுரண்டினேன். பச்சைதான். பால் கூட ஒரு துளி முத்துப் போலத் திரண்டு நின்றது, அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. இரண்டு நுனிக் கிளைகள் மட்டும் பழுப்பு. ஜன்னல் மூன்று மீட்டர் தள்ளி. ஹீட்டர் காற்று நேராகப் படுகிறது. மண் எப்போதும் சொதசொதவென்றுதான் இருக்கிறது.

பதில் 2:
என்னுடையதும் ஒரு வருடம் இப்படித்தான் மொட்டையானது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். ஃபைகஸுக்கு இடமாற்றம் ஆகாது. வெளிச்சம் சட்டென்று குறைந்தால், இருக்கிற வெளிச்சம் போதாத இலைகளை உதிர்த்துவிடும். அதனால் மட்டும் மரம் சாகாது. அதற்குப் பிறகு நாம் ஊற்றும் தண்ணீர்தான் ஆபத்து. பாதி இலை போன மரம் முன்பு குடித்த அளவு குடிக்காது. மண்ணில் நீர் தேங்கி, காற்று போகாமல் வேர் அழுகும்.

இன்றே ஜன்னலை ஒட்டி, ஹீட்டர் காற்று படாத இடத்தில் வையுங்கள். அப்புறம் அங்கிருந்து நகர்த்தவே வேண்டாம். வெப்பம் 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகாமல் இருந்தால் நல்லது. ஒரு மரக்குச்சியை மண்ணில் குத்திப் பத்து நிமிடம் கழித்து உருவுங்கள். ஈரம் ஒட்டியிருந்தால் அன்று தண்ணீர் இல்லை. மேல்மண் காய்ந்த பிறகு, தொட்டியின் துளை வழியே வடியும்வரை ஊற்றுங்கள். தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். புதுத் துளிர் விடும்வரை உரம் வேண்டாம். மண்ணிலிருந்து புளித்த நாற்றம் வந்தால் மட்டும் வேரைப் பாருங்கள். கறுத்துக் குழைந்த வேர்களை வெட்டிவிட்டு, நீர் வடியும் மண்ணில் உடனே நட்டுவிட வேண்டும். இல்லையென்றால் மண் மாற்றுவதை வசந்தம் முடியும் வரை தள்ளிப்போடுங்கள்.

பதில் 3:
இலையின் அடிப்பக்கத்தையும் பாருங்கள். பிசுபிசுப்பும் பழுப்புப் புள்ளிகளும் இருந்தால் செதில் பூச்சி. ஈரத்துணியால் துடைத்தெடுக்கலாம்.

கேட்டவர் (ஐந்து வாரம் கழித்து):
பூச்சி இல்லை, நாற்றமும் இல்லை. ஜன்னலோரம் மாற்றினேன். இப்போது வாரத்துக்கு ஒரு முறைதான் தண்ணீர். இலை கொட்டுவது நின்று, நேற்று வெறும் கிளை ஒன்றில் ஊசி முனை போல மூன்று கொழுந்து! பழுப்பு நுனிகளை வெட்டலாமா?

பதில் 2:
நல்ல செய்தி! வெட்டலாம், பச்சை தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே. மற்ற கிளைகளில் ஆறேழு இலை வரும்வரை கத்தரியை எடுக்காதீர்கள். அதற்குப் பிறகு இரண்டு இலை விட்டு வெட்டினால் அடர்த்தியாகக் கிளைக்கும். கோடையில் மறுபடி வெளியே வைக்கும்போது முதல் வாரம் நிழலில் வையுங்கள்.