கிட்னி பயாப்ஸிக்குப் பிறகு ஃபிஸ்டுலா என்கிறார்கள், முதல் ஸ்கேனில் ஏன் தெரியவில்லை?

மலைக்கோட்டை:
தங்கைக்கு லூபஸ், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் நோய். சிறுநீரில் புரதம் ஏகத்துக்கும் போகிறது என்று போன மாதம் கிட்னி பயாப்ஸி, அதாவது ஊசி விட்டுச் சின்னத் துண்டுச் சதை, எடுத்தார்கள். மறுநாள் காலை ஸ்கேன் பார்த்து, கிட்னியைச் சுற்றி சின்ன ரத்தக்கட்டு இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சிறுநீரும் தெளிந்துவிட்டது. ரெண்டு வாரம் கழித்து மறுபடி டிக்காஷன் நிறத்தில் போனதால் பதறிப்போய் ஓடினோம், இந்த முறை ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுத்து, ஊசி போன இடத்தில் ஏ.வி. ஃபிஸ்டுலா என்று ரிப்போர்ட்டில் எழுதியிருக்கிறார்கள். டாக்டர் சாவகாசமாக "மூன்று மாதம் கழித்துப் பார்க்கலாம்" என்கிறார். ஃபிஸ்டுலா என்றாலே டயாலிசிஸ்தான் என்று சித்தப்பா கிளப்பிவிட, அம்மா சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறார். முதல் ஸ்கேனில் இதைக் கோட்டை விட்டுவிட்டார்களா? மூன்று மாதம் சும்மா இருக்கலாமா?

ஸ்கேன்ரூம்வாசி:
கோட்டை விட்டார்கள் என்று சொல்ல முடியாது தம்பி. மறுநாள் எடுத்தது சாதா கருப்பு வெள்ளை அல்ட்ராசவுண்டாக இருக்கும். அதில் கிட்னிக்கு வெளியே தேங்கிய ரத்தம் தெரியும். அதுவும் புது ரத்தம் சில சமயம் பக்கத்துக் கொழுப்பு நிறத்திலேயே கலந்துகிடக்கும், நாள் போகப் போகத்தான் கருத்துத் தனியாகத் தெரியும். ஃபிஸ்டுலா அப்படி ஒரு கட்டி இல்லை. ஊசி ஒரு தமனியையும் அதை ஒட்டிய சிரையையும் சேர்த்துத் துளைத்து, ரெண்டுக்கும் நடுவே குறுக்குவழி ஆகிவிட்டது, அவ்வளவுதான். ஓட்டத்தைப் பார்த்தால்தான் அது தெரியும், அதற்குக் கலர் டாப்ளர் போட வேண்டும். போட்டால் அந்த இடம் முழுக்கச் சிவப்பும் நீலமும் பொடிப்பொடியாகச் சிதறித் தெரியும். நான் வேகத்துக்கான ஸ்கேலைக் கூட்டிக்கொண்டே போவேன், மற்ற ரத்தக்குழாய்கள் ஒவ்வொன்றாக மங்கிவிடும், ஃபிஸ்டுலா மட்டும் மின்னிக்கொண்டே நிற்கும். அங்கே தமனியில் வேகம் எகிறும், சிரையில் தமனி மாதிரி துடிப்பு வரும். வெளியே புடைத்துக்கொண்டு ஒரு பையும் சேர்ந்திருக்கிறதா என்று ரிப்போர்ட்டில் பாருங்கள், சூடோ அனியூரிசம் என்று எழுதியிருந்தால் கொஞ்சம் கவனம் கூடுதலாக வேண்டும், அது வெடிக்கக்கூடியது.

பயாப்ஸிக்குப் பிறகு வரும் ஃபிஸ்டுலாக்களில் பெரும்பாலானவை தானாகவே மூடிக்கொள்ளும், சில மாதங்கள், சிலருக்கு ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகும். டாக்டர் சொன்னது நியாயம்தான்.

கொங்குத்தமிழன்:
எனக்கென்னவோ இது அலட்சியமாகத்தான் படுகிறது. முதல் நாளே ஒரு சி.டி. எடுத்திருந்தால் எல்லாம் தெரிந்திருக்காதா?

ஸ்கேன்ரூம்வாசி:
தெரிந்திருக்கும், தேவையில்லாததும் சேர்ந்து. பயாப்ஸி முடித்த எல்லோருக்கும் சி.டி. எடுத்தால் பாதிப் பேருக்கு மேல் ஏதோ ஒரு ரத்தக்கட்டு இருக்கும், அவர்களுக்கு எந்தத் தொந்தரவும் இருக்காது. ரத்தம் இன்னும் கசிகிறதா என்று பார்க்க ஸ்கேனில் ரத்தக்குழாயைக் காட்டும் கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்ற வேண்டும், ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவு ஏறிய, அதாவது வேலை குறைந்த கிட்னிக்கு அதை யோசித்துத்தான் கொடுப்பார்கள். பி.பி. இறங்கி, ஹீமோகுளோபின் சரிந்து, விலாவுக்குக் கீழே வலி கூடினால் அப்போது யோசிக்காமல் சி.டி. ஆஞ்சியோதான் (அந்த மருந்தை ஏற்றி ரத்தக்குழாய்களைப் பார்க்கும் சி.டி.). கசிவு தெரிந்தால் தொடை வழியாகக் குழாய் விட்டு, கிழிந்த ரத்தக்குழாய்க் கிளையை மட்டும் காயில் என்ற சின்னக் கம்பிச் சுருள் வைத்து அடைத்துவிடலாம், வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை.

வார்டுஅக்கா:
நெஃப்ராலஜி (கிட்னி) வார்டில் வேலை பார்க்கிறேன். சித்தப்பாவிடம் சொல்லுங்கள், டயாலிசிஸுக்குக் கையில் வைக்கும் ஃபிஸ்டுலா நாமே வேண்டுமென்று இணைப்பது, தங்கைக்கு வந்தது ஊசியால் வந்தது. இதனால் டயாலிசிஸ் வரப்போவதில்லை.

ஆனால் ஒன்று கேட்க வேண்டும். லூபஸ் இருப்பவர்களில் சிலருக்கு ஆஸ்பிரினோ ரத்தம் உறையாமலிருக்கும் மருந்தோ கொடுத்திருப்பார்கள், பயாப்ஸிக்காக நிறுத்திவிட்டு அப்புறம் தொடங்குவோம். அதைத் தொடங்கிய பிறகுதான் சிறுநீர் மறுபடி சிவந்ததா? அப்படியென்றால் டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், லூபஸில் அது வேறு வம்பு.

பி.பி.யைத் தினமும் குறித்துவையுங்கள். ரத்தம் கிட்னியின் உறைக்குள்ளேயே தேங்கினால் கிட்னியை நெருக்கி பி.பி.யை ஏற்றிவிடும். 1939-ல் இர்வின் பேஜ் என்கிற அமெரிக்க டாக்டர் நாய்களின் கிட்னியை செலோஃபேனில் சுற்றிவைத்து இதைக் காட்டினார், இன்றைக்கும் பேஜ் கிட்னி என்றுதான் சொல்கிறோம். இன்னொன்று, கட்டிகட்டியாக ரத்தம் போய்ச் சிறுநீர் அடைத்துக்கொண்டால் காலை வரை காத்திருக்க வேண்டாம், ராத்திரியே கிளம்பி வாருங்கள். குடம் தூக்குவது, மாவாட்டும் கல்லை நகர்த்துவது எல்லாம் இப்போதைக்குக் கிடையாது.

மலைக்கோட்டை:
ரொம்ப நன்றி அக்கா. ஆமாம், ஆஸ்பிரின் தொடங்கிய பிறகுதான் வந்தது, நாங்கள் அதை யாரிடமும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. நாளைக்கே சொல்லிவிடுகிறேன். ரிப்போர்ட்டில் பை எதுவும் எழுதவில்லை, ஹீமோகுளோபின் அப்படியேதான் இருக்கிறது.

தேனிக்காரி:
நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும், அப்பாவுக்கு அடுத்த வாரம் நுரையீரலில் ஊசி பயாப்ஸி. அதற்கும் பிறகு டாப்ளர் கேட்க வேண்டுமா?

ஸ்கேன்ரூம்வாசி:
வேண்டாம்மா, அங்கே பயமே வேறு, நுரையீரலுக்கு வெளியே காற்று சேர்ந்து அது சுருங்குவது. ஊசி எடுத்த உடனே சி.டி. மேஜையிலேயே ஒரு முறை பார்ப்பார்கள், பிறகு சில மணி நேரத்தில் நெஞ்சு எக்ஸ்ரே, முடிந்தவரை உட்காரவைத்தோ நிற்கவைத்தோ எடுப்பது நல்லது, படுத்தால் காற்று முன்பக்கம் பரவிவிடுவதால் லேசானது கண்ணில் படாமல் போகலாம். அப்பா பீடி, சிகரெட் பிடித்தவராக இருந்து எம்ஃபைசீமா (நுரையீரலின் காற்றுப்பைகள் சிதைந்து போவது) இருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், அவர்களுக்குத்தான் காற்று கசிய வாய்ப்பு அதிகம். வீட்டுக்கு வந்த பிறகு திடீரென்று மூச்சு வாங்கினாலோ நெஞ்சு குத்தினாலோ பக்கத்தில் இருக்கிற ஆஸ்பத்திரியிலேயே எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள், பயாப்ஸி எடுத்த இடத்துக்கே போக வேண்டும் என்று பஸ் ஏறாதீர்கள்.