குமுளி இறக்கத்தில் இறங்கும் உயரம் எங்கே போகிறது?

மேல்நிலைப் பள்ளி இயற்பியல் ஆசிரியர், கம்பம்

மலையடிவாரத்து லோயர் கேம்ப்பிலிருந்து மேலே குமுளிக்கு ஏறும் லாரி எரிக்கும் டீசலின் ஆற்றலில் ஒரு பங்கு உயரமாகச் சேர்ந்துவிடுகிறது. இறங்கும்போது அது அத்தனையும் திரும்பி வரும். சீரான வேகத்தில் இறங்கும் வண்டியில் அது வேகத்தைக் கூட்டுவதில்லை. அப்படியானால் வேறெங்கோ கரைந்தாக வேண்டும்.

கணக்கு எளிது. மொத்தம் 10 டன் எடையுள்ள லாரி 100 மீட்டர் உயரம் இறங்கினால் 10,000 × 9.8 × 100, அதாவது 98 லட்சம் ஜூல். 33 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிக்க வைக்கும் வெப்பம் அது. பிரேக் பிடிக்கும்போது இந்த வெப்பம் சக்கரங்களில் இருக்கும் பிரேக் டிரம்முக்குப் போகிறது. நான்கு டிரம்மும் சேர்ந்து 160 கிலோ வார்ப்பிரும்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு டிகிரி ஏற அதற்குச் சுமார் 74,000 ஜூல் போதும். வெப்பம் முழுவதும் டிரம்மிலேயே நின்றால் 100 மீட்டர் இறக்கத்துக்கு 130 டிகிரி, 300 மீட்டருக்கு 400 டிகிரி. காற்று கொஞ்சம் ஆற்றும்தான். ஆனால் மெதுவாகப் போகும் வண்டிக்குக் காற்றோட்டமும் குறைவு.

அந்தப் பாதையில் பெரியாறு மின்நிலையத்துக்கு இறங்கும் ராட்சதக் குழாய்களை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதே மலையிலிருந்து விழும் தண்ணீர் தன் உயரத்தை டர்பைனிடம் கொடுத்துவிடுகிறது. லாரி கொடுக்கக்கூடிய இடம் இரண்டுதான்: டிரம், இன்ஜின்.

பிரேக் மெக்கானிக், கூடலூர்

சார் சொன்ன 400 டிகிரிக்கு முன்னாடியே வேலை கெட்டுப்போகும். 250, 300 தாண்டினால் டிரம்மை உள்ளிருந்து உரசிப் பிடிக்கும் ஷூவின் லைனிங்கில் இருக்கும் பிசின் கருக ஆரம்பிக்கும், பிடிப்பு குறையும். கருகின வாடை வந்தாச்சுன்னா அதுதான் அர்த்தம்.

அதோடு இன்னொன்று நடக்கும், நிறைய பேர் இதை யோசிப்பதில்லை. டிரம் சூட்டில் விரியும். 400 மி.மீ. விட்டமுள்ள டிரம் 300 டிகிரி சூடேறினால் விட்டம் 1.3 மி.மீ. போல கூடும். டிரம் ஷூவை விட்டு விலகிப் போகுது என்று அர்த்தம். ஏர் பிரேக் வண்டியில் காற்றழுத்தம் தள்ளும் சேம்பரின் புஷ் ராடு அந்த இடைவெளியையும் சேர்த்துத் தள்ள வேண்டும். மொத்தமே இரண்டரை அங்குலம் நகரும் ராடு, குளிர்ந்த நிலையிலேயே இரண்டு அங்குலம் நகர்ந்தால் சூட்டில் தட்டி நின்றுவிடும். பெடல் அழுத்தமாகத்தான் இருக்கும், வண்டி நிற்காது. அதனால் அந்த ராடு நகரும் தூரத்தைச் சரிசெய்யும் ஸ்லாக் அட்ஜஸ்டரைத் தரையில் இருக்கும்போதே பார்க்கணும். மலையில் பார்த்துப் பயனில்லை.

லோயர் கேம்ப் வந்ததும் வண்டியை ஓரங்கட்டி, ஒவ்வொரு டிரம்முக்கும் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோங்க, தொடவேண்டாம். ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அந்தச் சக்கரம் வேலையே செய்யவில்லை, அதன் பங்கையும் மற்ற மூன்றும் சுமந்திருக்கு. ஒன்று மட்டும் அதிகமாகக் கொதித்தால் ஷூ விடாமல் உரசிக்கொண்டே வந்திருக்கு. தண்ணீர் ஊற்றாதீங்க, வார்ப்பிரும்பு வெடிப்பு விடும். சூடான டிரம்மில் பார்க்கிங் பிரேக்கும் போடாதீங்க, டிரம் குளிர்ந்து சுருங்கி ஷூவைக் கவ்விக்கொள்ளும். சக்கரத்துக்குக் கட்டை வைத்து நிறுத்துங்க.

லாரி ஓட்டுநர், ஆண்டிபட்டி

ஏறின கியரில் இறங்கு என்று மூத்தவர்கள் சொல்வது சரிதான். ஆனால் கியரைக் குமுளியிலேயே போட்டுவிடணும். பாதி இறக்கத்தில் கியர் குறைக்கப் பார்த்தால் நியூட்ரலில் மாட்டிக்கொள்வோம். 15 மீட்டருக்கு 1 மீட்டர் இறங்கும் (15-க்கு 1) சரிவில் வண்டி நியூட்ரலில் பத்து நொடி ஓடினால் மணிக்கு 20 கி.மீ. கூடிவிடும், அப்புறம் கீழ் கியர் விழாது.

நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம் என்பது தப்பு. இப்போது வரும் வண்டிகளில் கியரில் இருக்கும்போது ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜினுக்கு டீசலே போகாது, சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றும். நியூட்ரலில் ஐடிலிங்குக்கு டீசல் எரியும்.

டீசல் இன்ஜின் தானாகப் பிடிப்பது குறைவு, அமுக்கின காற்று திரும்பப் பிஸ்டனைத் தள்ளிவிடும். அதற்குத்தான் எக்ஸாஸ்ட் பிரேக். அது புகைக்குழாயை அடைக்கும், பிஸ்டன் அடைபட்ட காற்றை எதிர்த்துத் தள்ளும். ஆர்.பி.எம். கூட இருந்தால்தான் பிடிப்பு வரும், அதனால் கீழ் கியர்.

பிரேக்கை லேசாக மிதித்துக்கொண்டே இறங்கக்கூடாது. லேசான அழுத்தத்தில் நான்கு சக்கரமும் ஒன்றுபோலப் பிடிக்காது, ஒன்றிரண்டு மட்டும் சூட்டை வாங்கிக்கொள்ளும். வேகம் 30 வந்ததும் அழுத்தி மிதித்து 20-க்குக் கொண்டுவந்து முழுசாக விடணும். அதற்காகச் சும்மா சும்மா குத்தவும் கூடாது, ஏர் டேங்க் இறங்கிவிடும். காற்றழுத்த மீட்டர் 5 பார் (bar) அளவுக்குப் பக்கத்தில் வந்தால் நிறுத்தி ஏற்றிக்கொண்டு கிளம்புங்க.

சரக்கு மண்டியில் லோடு கட்டுபவர், கம்பம்

அண்ணே சொன்னது நேர் இறக்கத்துக்கு. கொண்டை ஊசி வளைவில் லோடு கட்டின விதம்தான் பேசும். வைக்கோல் ஏற்றி கோட்டயம் பக்கம் போகிற வண்டிக்குக் குமுளி ஏற்றத்தைவிட அந்தப் பக்கம் குட்டிக்கானத்திலிருந்து முண்டக்கயம் இறங்குவதுதான் பயம். மூட்டையோ கட்டோ வளைவில் வெளிப்பக்கமாகத் தள்ளும். கயிறு மேலே மட்டும் போட்டால் போதாது, பக்கவாட்டில் கொக்கிக்குக் கொக்கி இழுத்துக் கட்டணும். முதல் பத்து கிலோமீட்டரில் லோடு அமுங்கிக் கயிறு தொங்கும், குமுளியில் நிறுத்தி மறுபடி இறுக்கணும்.

ஆசிரியர்

தம்பி, வெளிப்பக்கமாக எதுவும் தள்ளுவதில்லை. மூட்டை நேராகப் போகப் பார்க்கிறது, வண்டிதான் அதன் அடியில் உள்பக்கம் திரும்புகிறது. மூட்டையையும் கூடத் திருப்ப ஏதாவது அதை உள்நோக்கி இழுக்க வேண்டும், அந்த வேலையைத்தான் உங்கள் கயிறு செய்கிறது. பக்கவாட்டில் கட்டச் சொன்னது அதனால்தான் சரி.

கொண்டை ஊசி வளைவுக்கு இந்தியச் சாலைக் காங்கிரஸ் வைத்திருக்கும் அளவு: உள்ளாரம் குறைந்தது 14 மீட்டர், வடிவமைப்பு வேகம் மணிக்கு 20 கி.மீ. வண்டி 15 மீட்டர் ஆரத்தில் திரும்புவதாக வைப்போம். 20-ல் தேவைப்படும் பக்கவாட்டு விசை எடையில் 0.21 பங்கு. 30-ல் 0.47. 40-ல் 0.84. வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு. 30-ல் 50 கிலோ மூட்டை ஒவ்வொன்றையும் 23 கிலோ எடைக்குச் சமமான இழுப்பு பிடித்து வைத்திருக்க வேண்டும்.

இந்தப் பங்கு எவ்வளவுக்கு மேல் போனால் லாரி கவிழும் என்ற எல்லை, சக்கர அகலத்தில் பாதியை ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுத்தால் கிடைக்கும். அகலம் 1.9 மீட்டர், மையம் 2 மீட்டர் உயரத்தில் என்றால் 0.95 / 2 = 0.475. 30 கி.மீ. வேகமே எல்லையில் நிற்கிறது! சாலையின் உள்சாய்வு 10-க்கு 1 இருந்தால் 0.1 அளவு கைகொடுக்கும். ஆனால் ஸ்பிரிங் பட்டையும் டயரும் சாய்ந்து அதில் ஒரு பங்கைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். கனமானதை அடியில் வைத்து மையத்தை 1.5 மீட்டருக்கு இறக்கினால் எல்லை 0.63 ஆகிறது.

டேங்கர் ஓட்டுநர், தேனி

பால் வண்டி, ரப்பர் பால் வண்டி ஓட்டுகிறவர்கள் கவனிக்க: முழு டேங்க்கைவிடப் பாதி டேங்க் வளைவில் மோசம். திரவம் முழுக்க வெளிப்பக்கம் ஒதுங்கும், அதோடு ஈர்ப்பு மையமும் நகரும். உள்ளே இருக்கும் தடுப்புத் தகடுகள் குறுக்காக நிற்பவை. பிரேக் போடும்போது முன்னால் பாயும் அலையைத்தான் அடக்கும், பக்கவாட்டு அலையை அல்ல.

பேருந்து ஓட்டுநர், கம்பம்

ஜூனில் குமுளியில் சாரல் அடிக்கும், கீழே கூடலூரில் ரோடு காய்ந்திருக்கும். மேலே இருந்து வருகிறவர்கள் நனைந்த ரோட்டுக்கான இடைவெளி விடணும். மணிக்கு 40-ல் காய்ந்த சமதளத்தில் பிரேக் பிடித்தபின் 9 மீட்டரில் நிற்கும் வண்டி, நனைந்த 15-க்கு 1 இறக்கத்தில் 19 மீட்டர் எடுக்கும். கால் பெடலுக்குப் போகும் ஒன்றரை நொடியில் ஏற்கெனவே 17 மீட்டர் போயிருக்கும். முதல் மழை இன்னும் மோசம், ரோட்டில் படிந்த எண்ணெயும் தூசியும் கழுவிப்போகும் வரைக்கும்.

டூவீலர் மெக்கானிக், குமுளி

கியர் இல்லாத ஸ்கூட்டரில் வேகம் ரொம்பக் குறைந்தால் கிளட்ச் விட்டுவிடும், இன்ஜின் பிடிப்பு போய்விடும். ஆக்ஸிலேட்டரை லேசாகத் திருகிக் கிளட்ச் பிடித்தபின் விட்டால் திரும்ப வரும். இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கவே கூடாது.

டிஸ்க் பிரேக் உள்ள வண்டிக்குப் பிரேக் ஆயிலை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்க. டாட் 3 வகை பிரேக் ஆயில் புதுசில் 205 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும், ஈரம் உறிஞ்சினபின் 140-லேயே கொதிக்கலாம். கொதித்தால் குழாயில் ஆவி, லீவர் ஹேண்டில்பாரைத் தொட்டாலும் பிரேக் பிடிக்காது. அப்படி ஆனால் லீவரை விட்டு விட்டு வேகமாக அழுத்துங்க, பின் பிரேக்கையும் சேர்த்து. நின்றதும் அரை மணி நேரம் ஆறவிட்டு, அடுத்த ஓட்டத்துக்கு முன்னால் ஆயிலை மாற்றுங்க.