புது லேப்டாப்: டச்பேட் ஜெஸ்சர் சொன்னபடி கேட்கவில்லை. டிரைவர் கோளாறா, ஹார்டுவேர் கோளாறா?

புதுப்பெட்டி:
விண்டோஸ் 11, வாங்கி ஒரு வாரம். இரண்டு விரலால் பக்கத்தை உருட்டினால் திடீரென்று ஜூம் ஆகிறது. மூன்று விரலை மேலே தள்ளினால் டாஸ்க் வியூ (திறந்திருக்கும் விண்டோக்களை ஒன்றாகக் காட்டும் திரை) வரணும், பாதி நேரம் ஸ்க்ரோல்தான் ஆகிறது. டைப் செய்த கையோடு தொட்டால் அசைவே இல்லை. நடுநடுவே கர்சர் தானாகத் துள்ளுகிறது. டிரைவரை நீக்கிவிட்டு மறுபடி போட்டும் அதே கதைதான். திருப்பிக் கொடுத்துவிடலாமா?

எலிப்பொறி:
அவசரப்படாதீங்க, நாலுக்கும் ஒரே காரணம் இருக்காது.

துள்ளலை முதலில் பாருங்கள். சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டுங்கள். நின்றுவிட்டால் டச்பேட் மேல் தப்பில்லை, எர்த் இல்லாத குறைதான். சார்ஜரிலிருந்து கசியும் சிறு மின்னோட்டம் பாடியில் ஏறி, விரலைக் கண்டுபிடிக்கும் கெப்பாசிட்டிவ் சென்சாரைக் குழப்பும். மெட்டல் பாடியைத் தடவினால் லேசாக விறுவிறு என்று இருக்கும். எர்த் உள்ள மூன்று பின் பிளக்கில் போடுங்கள்.

ஜூம் பிரச்சினைக்குப் பெரும்பாலும் கட்டைவிரல்தான் காரணம். கிளிக் செய்யத் தோதாகக் கீழ் ஓரத்தில் அதை வைத்தபடியே மற்ற விரலை நகர்த்தினால், இடைவெளி மாறுவதைப் 'பிஞ்ச்' என்று எடுத்துக்கொள்ளும். ஜூம் தேவையே இல்லை என்றால் செட்டிங்ஸ் > புளூடூத் & டிவைசஸ் > டச்பேட் > ஸ்க்ரோல் & ஜூம் போய் 'பிஞ்ச் டு ஜூம்' டிக்கை எடுத்துவிடுங்கள்.

கீபோர்டுவாசி:
டைப் செய்ததும் அசையாதது கோளாறே இல்லை. உள்ளங்கை தெரியாமல் பட்டுவிடக் கூடாது என்று விண்டோஸ் வேண்டுமென்றே கொஞ்ச நேரம் தொடுதலை ஒதுக்குகிறது. அதே டச்பேட் பக்கத்தில் 'சென்சிட்டிவிட்டி' நாலு நிலையில் இருக்கும். பெயரைப் பார்த்து அழுத்தத்துக்கானது என்று நினைத்து நிறையப் பேர் 'லோ' வைத்துவிடுகிறார்கள், அதில் காத்திருப்பு இன்னும் கூடும். 'ஹை' வைத்துப் பாருங்கள்.

டிவைஸ் மேனேஜரில் 'ஐ2சி எச்ஐடி டிவைஸ்' (டச்பேட் இந்தப் பெயரில்தான் இருக்கும்) மேல் மஞ்சள் முக்கோணம், கோட் 10 (சாதனம் இயங்கத் தொடங்கவில்லை என்ற பிழை) வந்தால் மட்டும் டிரைவர் பக்கம் போங்கள். அப்போதும் டச்பேட் டிரைவரை மட்டும் மாற்றிப் பயனில்லை. இன்டெல் பிராசசர் என்றால் அதற்கு அடியில் இருந்து டச்பேடை பிராசசரோடு இணைக்கும் சீரியல் ஐஓ டிரைவரை, உங்கள் மாடல் எண்ணுக்கு உரியதாகத் தயாரிப்பாளர் தளத்திலிருந்து எடுத்துப் போடணும். பிறகு ஷிஃப்டை அழுத்தியபடி ஷட் டவுன் கொடுங்கள். வெறும் ஷட் டவுனில், சீக்கிரம் பூட் ஆவதற்கான 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதி பழைய நிலையையே தூக்கி வரும்.

புதுப்பெட்டி:
சார்ஜரைக் கழற்றினதும் துள்ளல் போச்சு. பிஞ்ச், சென்சிட்டிவிட்டி இரண்டும் சரி. மஞ்சள் முக்கோணம் இல்லை. மூன்று விரல் மட்டும் அப்படியே இருக்கு.

எலிப்பொறி:
விரல்களை ஒட்டி வைத்தால் இரண்டு விரல் ஒரே புள்ளியாகத் தெரியும். நடுவே ஒரு செ.மீ. விட்டு, மூன்றையும் ஒரே நேரத்தில் வைத்துத் தள்ளுங்கள்.

அப்படியும் தவறினால் உபுண்டு லைவ் யுஎஸ்பியில் (லேப்டாப்பில் நிறுவாமலே ஓடும் லினக்ஸ்) பூட் செய்து, தொடுதல் பதிவுகளைக் காட்டும் லிப்இன்புட்-டூல்ஸ் (libinput-tools) நிறுவி, டெர்மினலில் 'சுடோ லிப்இன்புட் டீபக்-ஈவென்ட்ஸ்' (sudo libinput debug-events) ஓட்டுங்கள். விரலைத் தள்ளும்போது 'ஜெஸ்சர் ஸ்வைப் பிகின்' (GESTURE_SWIPE_BEGIN) வரியின் கடைசியில் விரல் எண்ணிக்கையாக 3 வரணும். பேட்டரியில், இடைவெளி விட்டு 20 தடவை தள்ளிப் பாருங்கள். எல்லாம் 3 என்றால் விண்டோஸ் பக்கம்தான் கோளாறு. அந்த வரியே வராமல் ஸ்க்ரோலாகப் பதிவானால், அதுவும் பேடின் ஒரே பகுதியில் தவறினால், சென்சாரே சரியில்லை. வீடியோ எடுத்து வைத்துக்கொண்டு, திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் மாற்றுப் பெட்டி கேளுங்கள். சர்வீசுக்கு ஒத்துக்கொண்டால் கெடு ஓடிப்போகும்.