காருக்குக் கூடுதல் ஒலியுள்ள ஹாரன்: பழைய கம்பியிலேயே இணைக்கலாமா, ரிலே தேவையா?

கேள்வி (பொள்ளாச்சி வாசகர்)

அனைவருக்கும் வணக்கம். பணி நிமித்தமாகப் பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு அடிக்கடி காரில் சென்று வருகிறேன். ஆழியாற்றைத் தாண்டியபின் வரும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஹாரன் அடிக்காமல் திரும்ப முடியாது. என் காரில் இருப்பதோ தட்டு வடிவிலான ஒற்றை ஹாரன். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு எதிரே இறங்கி வருபவர்களுக்கு அதன் ஒலி எட்டுவதே இல்லை. கவர்க்கல் பகுதியில் பனிமூட்டம் இறங்கும் நாட்களில் இது உண்மையிலேயே அச்சமூட்டுகிறது.

ஆகவே, இரண்டு ஹாரன்கள் கொண்ட செட் ஒன்றை வாங்கி நானே பொருத்த எண்ணுகிறேன். என்னிடம் ஸ்பேனர் செட்டும் மல்டிமீட்டரும் உள்ளன. பழைய ஹாரனுக்கு வரும் கம்பியிலேயே இரண்டையும் இணைத்துவிடலாம், ரிலே வீண் செலவு என்று உதிரிபாகக் கடையில் கூறினார்கள். அது சரியா? இவ்வாறு மாற்றுவதைச் சட்டம் அனுமதிக்கிறதா?

பதில் 1 (வாகன மின்பணியாளர்)

வணக்கம் ஐயா. ரிலே (சிறு மின்சாரத்தைக் கொண்டு பெரிய மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் மின்காந்த சுவிட்ச்) இல்லாமல் இணைக்க வேண்டாம். ஆனால் அதற்கு முன், புதிய ஹாரன் வாங்குவதற்கும் முன், ஒரு சோதனை செய்து பாருங்கள்.

ஹாரன் மெலிந்து ஒலிப்பதற்குப் பல கார்களில் ஹாரன் காரணமாக இருப்பதில்லை. அதற்குப் போய்ச் சேரும் மின்சாரம் குறைவதே காரணம். இன்னொருவரை ஹாரனை அழுத்தச் சொல்லி, அதே நேரத்தில் ஹாரனின் இரு முனைகளுக்கு இடையே வோல்ட் அளவைப் பாருங்கள். ஒற்றைக் கம்பி மட்டும் வருமானால், அந்தக் கம்பிக்கும் ஹாரனின் உடலுக்கும் இடையே அளக்கலாம். ஹாரனுக்குள் இருக்கும் தொடர்பு முனை நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை விலகிச் சேர்வதால் மீட்டரின் எண்கள் சற்றே ஆடும். அதைப் பொருட்படுத்த வேண்டாம். அந்த அளவு பேட்டரியின் அளவைவிட அரை வோல்ட்டுக்குள் குறைந்தால் கம்பி நன்றாக உள்ளது என்று கொள்ளலாம். பத்து வோல்ட்டை ஒட்டி நின்றால், ஹாரனின் உடலுக்கும் பேட்டரியின் எதிர்முனைக்கும் இடையே அளந்து பாருங்கள். அங்கே ஒரு வோல்ட் அளவுக்குக் காட்டினால் எர்த், அதாவது காரின் உடல் வழியே பேட்டரிக்கு மின்சாரம் திரும்பும் இணைப்பு, பழுதடைந்துள்ளது. ஹாரனைக் காரில் பிடித்திருக்கும் தாங்கியின் போல்ட்டைக் கழற்றி, துருவையும் பெயின்ட்டையும் உப்புத்தாளால் நன்கு தேய்த்துவிட்டு மீண்டும் இறுக்கினால் பாதிக் குறை தீரும்.

ஹாரனின் பின்புறம் மெழுகோ அரக்கோ வைத்து அடைத்த சிறு திருகு ஒன்று இருக்கும். அதைத் திருப்பி ஒலியைக் கூட்டப் பலரும் முயல்கிறார்கள். அளவு தப்பினால் உள்ளே தொடர்பு முனை விலகாமலே நின்று, அழுத்தும் நேரமெல்லாம் மின்சாரம் தடையின்றிப் பாய்ந்து, சுருள் சூடேறி எரிந்துவிடும். தொடாமல் விடுவதே நல்லது.

இனி ரிலேக்கு வருவோம். இத்தகைய ஹாரன் ஒவ்வொன்றும் சுமார் 5 ஆம்பியர் எடுத்துக்கொள்ளும்; இரண்டும் சேர்ந்தால் 10. ஒற்றை ஹாரனுக்கென்று அமைந்த மெல்லிய கம்பி அதைத் தாங்கினாலும் வோல்ட்டை விழுங்கிவிடும். 0.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி மூன்று மீட்டர் ஓடினால், 10 ஆம்பியரில் ஒரு வோல்ட்டுக்கு மேல் அதிலேயே போய்விடும். அதிக விலை கொடுத்து வாங்கிய ஹாரன் அரைகுறையாகத்தான் ஒலிக்கும். ஃப்யூஸ் போவதும், ஸ்டீயரிங் சுவிட்சின் முனை கருகுவதும் அதற்கு அடுத்த கட்டம்.

நான்கு முனை 12 வோல்ட் ரிலே ஒன்று போதும். பேட்டரியின் நேர்முனையிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியை 20 ஆம்பியர் ஃப்யூஸ் வழியாக 30 என்று எண்ணிட்ட முனைக்குக் கொண்டுவாருங்கள். அந்த ஃப்யூஸ் பேட்டரிக்கு ஒரு சாண் தொலைவுக்குள் இருக்க வேண்டும். அப்பால் இருந்தால், இடையில் கம்பி உராய்ந்து பாடியைத் தொடும்போது அதைக் காக்க எதுவும் இராது. 87-இலிருந்து இரு ஹாரன்களுக்கும் கம்பி செல்லட்டும். பழைய ஹாரனுக்கு வந்த கம்பி 86-க்குச் செல்லும். 85-ஐ எர்த் செய்துவிடுங்கள். பழைய ஹாரனுக்கு இரண்டு கம்பிகள் வந்தால் அவ்விரண்டையும் 86, 85 முனைகளில் கொடுக்கலாம். ரிலேயின் சுருள் ஓர் ஆம்பியரில் ஐந்தில் ஒரு பங்குகூட எடுக்காது என்பதால் பழைய கம்பிக்குச் சுமையே இல்லை.

தொடங்குமுன் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றி வையுங்கள். ஸ்டீயரிங்கை எக்காரணம் கொண்டும் பிரிக்க வேண்டாம். ஏர்பேக் அங்கேதான் இருக்கிறது, இந்த வேலைக்கு அங்கே செல்ல வேண்டிய தேவையும் இல்லை. கம்பியை வெட்டாமல், கப்ளருடன் (செருகினாலே பொருந்தும் இணைப்பான்) வரும் வயரிங் கிட் வாங்கினால் வாரண்டி பற்றிய பேச்சும் எழாது.

பதில் 2 (ஓய்வுபெற்ற சட்ட அலுவலர்)

சட்டத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 119-ஆவது விதி, ஒன்றன்பின் ஒன்றாக வெவ்வேறு சுரங்களை எழுப்பும் பல்லொலி ஹாரன்களையும், காதைத் துளைக்கும் அல்லது திடுக்கிட வைக்கும் ஒலிக்கருவிகளையும் தடைசெய்கிறது. இரண்டு சுரங்களும் ஒரே நேரத்தில் ஒலிக்கும் சாதாரண மின் ஹாரன் அந்தத் தடையில் வராது. ஆனால் ஒலியின் அளவுக்கு வரம்பு உண்டு. காரில் பொருத்தியபின் 7 மீட்டர் தொலைவில் 93 முதல் 112 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்பதே தரநிலை. அட்டைப்பெட்டியில் பெரிய எண்ணை மட்டும் அச்சிட்டு, எவ்வளவு தொலைவில் அளந்தார்கள் என்று சொல்லாத ஹாரனை நான் வாங்கமாட்டேன். காற்றழுத்த ஹாரன் பக்கம் போகவே வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்திற்குப் பின், ஒலிக் கட்டுப்பாட்டு விதிகளை மீறினால் 190(2) பிரிவின்படி முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதம் விதிக்க முடியும். தேவையின்றித் தொடர்ந்து ஹாரன் அடித்தால் 194எஃப் பிரிவின்படி 1,000 ரூபாய்.

ஓர் அன்பான வேண்டுகோளும் உண்டு. தாங்கள் செல்லும் சாலை ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் வழியே செல்கிறது. வால்பாறையை நெருங்கும்போது புதுத்தோட்டம் அருகே சிங்கவால் குரங்குகள் கூட்டமாகச் சாலையைக் கடக்கும். அங்கே வேகத்தைக் குறைத்துக் காத்திருங்கள், ஹாரனைத் தொடாதீர்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. அளந்து பார்த்ததில் ஹாரனில் 10.4 வோல்ட்தான் இருந்தது. எர்த் பக்கம் மட்டுமே 1.3 வோல்ட் காட்டியது. போல்ட்டின் அடியில் தேய்த்துச் சுத்தம் செய்தபின் ஒலி நன்றாகவே உயர்ந்திருக்கிறது. ஆயினும் வளைவுகளுக்கு இது போதவில்லை. ஊருக்குள்ளும் காட்டுப் பகுதியிலும் பழைய ஹாரன் மட்டும் ஒலித்து, வளைவுகளில் மட்டும் புதியவையும் சேர்ந்து ஒலிக்கும்படி அமைக்க இயலுமா? எத்தகைய ஹாரனை வாங்குவது?

பதில் 3 (வாகன மின்பணியாளர்)

இயலும் ஐயா, அதுவே நல்ல ஏற்பாடு. பழைய ஹாரனை அதன் கம்பியுடன் அப்படியே விட்டுவிடுங்கள். அந்தக் கம்பியிலிருந்து கிளை பிரித்து 86-க்குக் கொடுங்கள். 85-இலிருந்து எர்த்துக்குச் செல்லும் கம்பியை டாஷ்போர்டில் பொருத்திய சிறு சுவிட்ச் ஒன்றின் வழியாகக் கொண்டுசெல்லுங்கள். சுவிட்சை அணைத்திருந்தால் பழையது மட்டும் ஒலிக்கும். போட்டிருந்தால் அழுத்தும்போது எல்லாம் சேர்ந்து ஒலிக்கும்.

தட்டு ஹாரன் கூர்மையாக ஒலிக்கும். நத்தை ஓட்டின் வடிவில் இருக்கும் விண்ட்டோன் வகை கனத்த ஒலி தரும். கனத்த ஒலி பாறைத் திருப்பங்களைச் சுற்றிச் செல்வதிலும், ஏற்றிவிட்ட கண்ணாடியைத் தாண்டி உள்ளே கேட்பதிலும் மேலானது. மலைப்பாதைக்கு அதையே பரிந்துரைக்கிறேன். ஒன்று சுமார் 400, மற்றது 500 ஹெர்ட்ஸ் கொண்ட இணையாகப் பாருங்கள். கோயம்புத்தூரின் ரூட்ஸ் நிறுவனமே இவ்வகையைத் தயாரிக்கிறது. தங்களுக்கு எளிதில் கிடைக்கும்.

பொருத்தும்போது, ஹாரனுடன் வரும் மெல்லிய எஃகுத் தகட்டுத் தாங்கியை மாற்றிவிட்டுக் கனமான இரும்புப் பட்டையைப் போடாதீர்கள். அந்தத் தகடு அதிர்வதற்கென்றே அமைந்தது. அதை இறுக்கிப் பிடித்தால் ஒலி அடங்கிவிடும். ஹாரனின் உடல் கிரில்லையோ ரேடியேட்டரையோ தொடாமல் விரல் நுழையும் இடைவெளி இருக்கட்டும். வாய்ப்பகுதி கீழ்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும்; மேல்நோக்கி வைத்தால் வால்பாறையின் மழைநீர் முழுவதும் அதற்குள் இறங்கும். ரிலேயையும் அதன் முனைகள் தரையைப் பார்க்கும்படி மாட்டுங்கள். கம்பிகளைச் சுருள் குழாய்க்குள் செலுத்தி, ரேடியேட்டர் விசிறியிலிருந்தும் பானட் பூட்டிலிருந்தும் விலக்கிக் கட்டியபின், பானட்டை மெதுவாக மூடித் திறந்து எதுவும் நசுங்கவில்லை என்று பார்த்துவிட்டே பேட்டரியை இணையுங்கள்.